அடைப்பில்லாத நெஞ்சுவலி

அசாம் ஜாவாவிலிருந்து புக்கிட் ரோத்தானுக்கு வரும் சாலையில், செம்பனைக் காட்டுக்குள் பிரிகிற மண்பாதையின் முகப்பில், முரியல் தன் பள்ளி வேனை ஓரங்கட்டி நிறுத்தினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். சாவியை உருவி மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேலேயே வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முன்வரிசையில் இருந்த முதலாம் ஆண்டுச் சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, பள்ளிக்கூடம் இங்க இல்லியே."

"தெரியும்மா. கொஞ்ச நேரம் நிப்போம்."

நெஞ்சுக்குள் எதுவோ, வலையில் மாட்டிய மீனைப்போலக் கண்டபடி துள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் ஓர் இறுக்கம். நெஞ்சின் நடுவில் தொடங்கித் தாடைவரை ஏறியது. இது அவளுக்குப் புதிதல்ல. இதற்கு முன் வந்தபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டிருக்கிறாள். இன்றைக்கு வளைவில் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி எதிரே வந்த நேரத்தில், கண் ஓரங்கள் சாம்பல் பூத்தாற்போல மங்கிவிட்டன. ஒரு கணம்தான். ஆனால் பின்னால் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் ரமணியை அழைத்தாள். ரமணி அவளுக்குத் தங்கை மாதிரி.

"ரமணி, எனக்கு நெஞ்சு சரியில்ல. பிள்ளைங்க என்கூட இருக்காங்க. இனிமே நான் ஓட்டக் கூடாது. அழகேசன் அண்ணன கொஞ்சம் அனுப்பு."

"அக்கா, ஆம்புலன்ஸ் கூப்புடவா?"

"மொதல்ல பிள்ளைங்கள அனுப்புவோம்."

அழகேசன் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். மோட்டார் சைக்கிளைச் செம்பனை மரத்தில் சாய்த்துவிட்டு ஏறினார். முரியல் பின்னால் போய்ப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பள்ளி வாசலில் இறங்கும்போது வலி போயிருந்தது. நெஞ்சு ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாக அடித்துக்கொண்டிருந்தது. ஓடி வந்த ரமணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள். அதில் குறை ஒன்றும் இல்லை. என்றாலும் முரியலுக்குச் சுருக்கென்றது. எப்போதும் இப்படித்தான். யாராவது வந்து பார்ப்பதற்குள் அது போய்விடும்.

முரியல் தோட்டத்து டிராக்டர் ஓட்டுநரின் மகள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் சைக்கிள் ஓட்டவே தயங்கிய நாளில், அப்பாவிடம் அடம்பிடித்து டிராக்டரின் கியர்களைக் கற்றுக்கொண்டவள். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று லயத்தை இடித்தபோது குடும்பங்கள் நாலா பக்கமும் சிதறின. சில குடும்பங்கள் கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்து, ஓரத்தில் தங்கின, சில பக்கத்துத் தோட்டங்களில் ஒண்டிக்கொண்டன. தமிழ்ப்பள்ளி மட்டும் பட்டணத்துப் பக்கம் நகர்ந்துவிட்டது. தூரத்தைக் காரணம் காட்டிச் சிலர் பிள்ளைகளை அருகிலிருந்த வேறு பள்ளிகளில் சேர்க்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் முரியல் பழைய வேன் ஒன்றை வாங்கினாள். பேருந்து உரிமத் தேர்வுக்குப் போனபோது வரிசையில் அவள் ஒருத்திதான் பெண். அன்றைக்கு ஏற்றிப்போன பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது அவள் வண்டியில் வருகிறார்கள்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அவளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இருதயத்தைச் சுற்றியிருக்கும் ரத்தக் குழாய்களைப் படம் எடுத்திருந்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. படத்தில் குழாய்கள் இலை உதிர்ந்த கிளைகளைப் போலத் தெளிவாகப் பிரிந்து போயின. கணவன் பெர்னாட் அந்தத் திரையைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வளாகத்தில் எல்லாரிடமும் காட்டினான்.

"பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. இனிமே கவல இல்ல."

அதன் பிறகு முரியலின் வலிக்குக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. வலிக்கிறது என்றால் வாயு என்றார்கள். அந்த வயதுப் பெண்களுக்கு வருவதுதான் என்றார்கள். பூச்சோங்கில் வேலை செய்யும் மகள் அலீசியா, "மா, நீங்க ரொம்ப ஸ்ட்ரெஸ் ஆவுறீங்க. லீவு எடுத்துட்டு இங்க வந்து இருங்க," என்றாள். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அவளுக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. இல்லாத ஒன்றை மனம்தான் உண்டாக்கிக்கொள்கிறதோ என்று பலமுறை யோசித்திருக்கிறாள்.

வேனை நிறுத்திய அன்று மத்தியானம் பெர்னாட் வாசலிலேயே கேட்டான்.

"வண்டி எங்க?"

"அழகேசன் அண்ணன்கிட்ட. இனிமே அவருதான் ஓட்டுவாரு."

"எத்தினி நாளைக்கு?"

"எனக்கு என்னான்னு தெரியற வரைக்கும்."

பெர்னாட் செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவன். இரைச்சலுக்கு நடுவில் பேசிப் பழகிய குரல், கோபம் இல்லாதபோதும் கோபம்போலத்தான் ஒலிக்கும்.

"கொழாயெல்லாம் சுத்தமா இருக்குன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அப்பறம் என்னாத்துக்கு வண்டிய விடற?"

"எழுதிக் குடுத்தவங்க நெஞ்சு இல்லீங்க வலிச்சது."

பெற்றோர்களின் வாட்ஸ்அப் புலனக் குழுவிலும் பேச்சு ஓடியது. சுகுமாரன் என்ற அப்பா ஒருவர், 'டாக்டரே ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டாராம். அப்பறம் ஏன் இவ்ளோ டிராமா லா' என்று எழுதியிருந்தார். வேறு யாருக்கோ அனுப்ப நினைத்துக் குழுவில் போட்டுவிட்டார் போலிருக்கிறது, உடனே அழித்தும்விட்டார். முரியல் அதற்குள் படித்திருந்தாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

மறுவாரம் அரசாங்கக் கிளினிக்குக்குத் தனியாகப் போனாள். அங்கே கோகிலன் என்ற இளம் டாக்டர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார், கோலா குபு பாரு ஊர்க்காரர். பழைய முடிவுகளையெல்லாம் கணினியில் நிதானமாகப் படித்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"ஆன்ட்டி, மொதல்ல வலி வருமா, இல்ல மொதல்ல துடிப்பு வருமா?"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முரியல் யோசித்தாள்.

"துடிப்புதான் டாக்டர். அது வந்து கொஞ்ச நேரம் கழிச்சுதான் வலி."

"எப்பிடி துடிக்கும்? இந்த மேசையில தட்டிக் காட்டுங்க."

அவள் விரலால் தட்டினாள். மூன்று வேகமாக, ஒரு நிறுத்தம், ஒன்று, பிறகு கடகடவென்று சில, மறுபடி ஒன்று. தட்டிக்கொண்டிருக்கும்போதே வெட்கமாக இருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படத்துல அடைப்பு இல்லன்னு சொன்னது சரிதான்," என்றார். "அவங்க பாத்தது தப்பில்ல. ஆனா அந்தப் படம் எடுக்கும்போது உங்க இருதயம் ஒழுங்கா அடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. அது தாறுமாறா ஓடற நேரத்துல என்னா நடக்குதுன்னு நம்ம யாரும் இன்னும் பாக்கல."

நெஞ்சில் கம்பிகள் ஒட்டி, ஒரு சிறு பெட்டியை இடுப்பில் மாட்டி, ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவுசெய்ய ஏற்பாடு செய்தார். அந்த ஒரு நாளும் அவள் இருதயம் சமர்த்துப் பிள்ளையாக நடந்துகொண்டது. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது பெர்னாட், "பாத்தியா?" என்றான். அவன் குரலில் வென்ற தொனி இல்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது. அது ஏன் என்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

டாக்டர் கோகிலன் மட்டும் விடவில்லை. மணிக்கட்டில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

"அது வந்தா மருந்து தடவிக்கிட்டு வீட்டுல படுத்துடாதீங்க. ஒடனே இங்க வாங்க. மயக்கம் வர்ற மாதிரி இருந்தா ஆம்புலன்ஸ கூப்புடுங்க. வலி இருக்கும்போது எனக்கு ஒரு இ.சி.ஜி. வேணும். வர்ற வழியிலயே துடிப்பு அடங்கிட்டாலும் பரவால்ல, வாங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

பிறகு சில வாரங்கள் அவள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் பழக்கதோஷத்தில் எழுந்து, வேன் தெருமுனையைக் கடக்கும் சத்தத்தைக் கேட்பாள். அழகேசன் இரண்டாவது கியரில் அதிகமாக இழுக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நாட்களில் ஒருமுறைகூட அது வரவில்லை. அலீசியா தொலைபேசியில், "பாத்தீங்களா, ரெஸ்ட் எடுத்தா சரியாப் போச்சு," என்றபோது, அவளுக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா, வந்து தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொள்வதா என்று தெரியாமல், செபமாலையை வெறுமனே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

காய்ச்சலில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்து எழுந்த ஒரு காலையில் அது வந்தது. துவைத்த துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். போர்வையைத் தூக்கி வீசியபோது நெஞ்சு ஒருமுறை புரண்டது. பிறகு நிற்கவே இல்லை. துணி வாளியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். பெர்னாட் நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல் மணிக்கட்டை அவன் முன்னால் நீட்டினாள்.

"என்னா?"

"கை வச்சுப் பாருங்க."

அவன் மூன்று விரலை வைத்தான். கொதிகலன் குழாய்களைத் தொட்டே நீராவியின் போக்கைச் சொல்லிவிடக்கூடிய விரல்கள் என்று ஆலையில் அவனைப் பற்றிச் சொல்வார்கள். விரல்களுக்கடியில் நாடி ஓடியது, தடுக்கியது, காணாமல் போனது, மெல்லியதாக ஒன்று வந்தது, பிறகு கூட்டமாக ஓடி வந்து முட்டியது. பெர்னாட்டின் முகம் மாறியது. விரலை எடுத்துத் தன் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான், முதல் தடவை தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்பதுபோல.

"இது என்னா முரியல், இப்பிடி ஓடுது?"

"இததான் இத்தினி நாளா சொன்னேன்."

அவன் எழுந்தான். ஒரு காலில் தன் சிலிப்பரும் மறு காலில் அவள் சிலிப்பருமாகக் காரை எடுத்தான். வழியில் பழக்குலை லோரி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பெர்னாட் அதன் பின்னாலேயே போனான். வாய் மெல்ல அசைந்துகொண்டிருந்தது, செபம் சொல்கிறான் என்று தெரிந்தது. முரியலின் தாடை கனத்தது, கைகள் குளிர்ந்தன. ஆனாலும் பொறுக்கவில்லை.

"எதிர்ல வண்டி இல்ல. முந்துங்க."

"முந்தலாமா?"

"நான் சொல்றேன்ல, முந்துங்க."

கிளினிக்கில் தாதி அவளைப் பார்த்ததும் வரிசையைத் தாண்டி உள்ளே அழைத்துப் போனாள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டியபோது, அதற்குள் அடங்கிவிடாதே என்று முரியல் தன் நெஞ்சிடம் சொல்லிக்கொண்டாள். அது அடங்கவில்லை. காகிதம் நீளமாக வெளியே வந்தது. டாக்டர் கோகிலன் அதைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கில் பிராணவாயு வைக்கச் சொன்னார், கையில் ஊசி போட வழி செய்யச் சொன்னார், ஆம்புலன்ஸுக்கு ஆளனுப்பினார். எல்லாம் ஆனபிறகு கட்டிலருகே குனிந்து சொன்னார்.

"கெடச்சிடுச்சு ஆன்ட்டி. நீங்க மேசையில தட்டினது அப்பிடியே இதுல இருக்கு."

முரியலின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. பயத்தில் அல்ல.

ஆம்புலன்ஸ் வரும்வரை பெர்னாட் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டாக்டர், அப்ப அந்தப் படம்? கொழாய் சுத்தமா இருக்குன்னு சொன்னாங்களே?"

"கொழாய் இப்பவும் சுத்தமாத்தான் இருக்கும் அங்கிள்," என்றார் கோகிலன். அவர் கண் திரையில் ஓடும் கோட்டின் மேலேயே இருந்தது. "ஒடம்புல மத்த எடத்துக்கெல்லாம் இருதயம் இறுகி அமுக்கும்போது ரத்தம் போவுது. ஆனா இருதயத்தோட சதைக்கு வேணும்ங்கிற ரத்தம், அது தளர்ற நேரத்துலதான் பெரும்பாலும் கெடைக்கும். இறுகும்போது சதைக்குள்ள போற சின்னச் சின்ன கொழாய்ங்க நெரிபட்டுடும். ரெண்டு துடிப்புக்கு நடுவுல விடுது பாருங்க, அப்பதான் ரத்தம் உள்ள எறங்கும்."

பெர்னாட் தலையை ஆட்டினான். அழுத்தமும் தளர்வும் அவனுக்குத் தெரிந்த விஷயங்கள்.

"ஆன்ட்டிக்கு இப்ப மேலறை ஒழுங்கில்லாம துடிக்குது. அதுனால கீழறையும் கண்டபடி, ரொம்ப வேகமா ஓடுது. வேகம் கூடினா இறுகற நேரம் அவ்வளவா கொறையாது, தளர்ற நேரந்தான் கொறைஞ்சு போவும். சில துடிப்பு ரத்தம் நெறையறதுக்கு முன்னாடியே வந்துடும். அதுல வெளிய தள்ள ஒன்னும் இருக்காது, அழுத்தமும் விழுந்துடும். ஒரு பக்கம் இருதயம் ரெண்டு மடங்கு வேல செய்யுது. இன்னொரு பக்கம் அதுக்கு வர்ற ரத்தம் கொறையுது. வலிக்காம என்ன செய்யும்?"

"அப்ப அடைப்பு இல்லாமயே..."

"இல்லாமயே வரும். எல்லாருக்கும் வராது, சிலருக்கு வரும். இது ஆன்ட்டியோட மனசுல வந்ததில்ல."

கடைசி வாக்கியத்தை அவர் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார். பெர்னாட் தலையைக் குனிந்துகொண்டான்.

மருத்துவமனையில் சொட்டு மருந்து இறங்க இறங்க, திரையில் எண்கள் குறைந்துகொண்டே வந்ததை முரியல் பார்த்தாள். துடிப்பு இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை, ஆனால் நிதானப்பட்டிருந்தது. அந்த நிதானம் வந்ததுமே தாடையின் கனம் விட்டது, பிறகு நெஞ்சின் இறுக்கமும் கழன்றது. அடைப்பை நீக்காமல், ஒரு குழாயையும் தொடாமல், வேகத்தை மட்டும் குறைத்ததில் வலி போனது. சாயங்காலம் அவள் தூங்கி எழுந்தபோது துடிப்பும் தானாகவே சீராகியிருந்தது.

பார்வையாளர் நேரத்தில் பெர்னாட் மைலோ பானத்தோடு வந்து உட்கார்ந்தான். பிறகு கைப்பேசியை எடுத்து அந்தப் பழைய படத்தைத் திறந்தான், குழாய்கள் தெளிவாகப் பிரிந்து போகும் அந்தப் படத்தை.

"எங்க அண்ணன் ஆலை கேன்டீன்ல விழுந்து செத்தப்ப நான்தான் தூக்கினேன்," என்றான். "மூணு கொழாயும் அடைப்புன்னு அப்பறமா சொன்னாங்க. அவன் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தான்."

"தெரியுமேங்க."

"உன்னோட இந்தப் படத்தப் பாத்ததும் எனக்கு உசிரு வந்திச்சு. தெனமும் காலையில ஒருவாட்டி எடுத்துப் பாப்பேன். நீ வலிக்குதுன்னு சொல்லும்போதெல்லாம், இந்தப் படம் பொய்யின்னு நீ சொல்ற மாதிரி இருந்திச்சு. அத என்னால கேட்டுக்க முடியல."

முரியல் மைலோவை உறிஞ்சினாள். ஆறிப்போயிருந்தது. கோபப்பட இத்தனை மாதங்களாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் அவளிடம் இருந்தன. எதையும் எடுக்கத் தோன்றவில்லை. "அத அழிச்சிராதீங்க. அதுவும் நெசந்தான்," என்று மட்டும் சொன்னாள்.

மருந்துகள் தொடங்கின. வேகத்தைக் கட்டுக்குள் வைக்க ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. அந்த ஆபத்தைப் பற்றி அதுவரை யாரும் யோசித்திருக்கவில்லை. வலியோடு வீட்டிலேயே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அலீசியா கேட்டபோது, டாக்டர் கோகிலன் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல், "வந்துட்டாங்கல்ல," என்றார். சில மாதங்கள் கழித்துக் கோலாலம்பூரில் தொடை வழியாகக் கம்பி செலுத்தி, கோளாறான துடிப்பு பிறக்கும் இடங்களைச் சுட்டு அடைத்தார்கள். பெரும்பாலும் நிற்கும், சிலருக்குத் திரும்ப வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அந்த மாதங்களில் அவள் வேனில் அழகேசனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனாள். பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். வளைவுகளில் அவள் கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதிக்கும். அழகேசன் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நான் முப்பது வருசமா ஓட்டறேன்," என்பார். "நான் ஒன்னும் சொல்லலியே அண்ணே," என்பாள் அவள்.

ஆறு மாதங்களுக்கும் மேலாக அது எட்டிப் பார்க்கவில்லை. இருதய நிபுணர் சோதித்து, ஓட்டலாம் என்றார். உரிமத்துக்கான மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. பெர்னாட்டே வேனைக் கழுவி வைத்தான். ஆனால் முரியல் அன்றைக்கே ஓட்டத் தொடங்கவில்லை. பள்ளி மண்டபத்தில் பெற்றோர்கள் கூடியிருந்த ஒரு சனிக்கிழமை, தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். கையிலிருந்த கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எனக்கு இருதயத் துடிப்பு தாறுமாறா ஓடற நோய் இருந்திச்சு. வைத்தியம் பண்ணியாச்சு. ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா திரும்ப வரவே வராதுன்னு அவரு சொல்லல. வந்தா எனக்குத் தெரியும், வலி வர்றதுக்கு முன்னாடியே தெரியும். அப்ப எங்க இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டி நிறுத்துவேன். நேரமாயிடுச்சுன்னு பாக்க மாட்டேன். அழகேசன் அண்ணன் ஒத்துக்கிட்டிருக்காரு, கூப்புட்டா வந்துருவாரு. இது சரிப்படாதுன்னு நெனைக்கிறவங்க வேற வேன் பாத்துக்கலாம். எனக்கு வருத்தம் இல்ல."

சுகுமாரன் பின்வரிசையில் கைகட்டி நின்றார். கூட்டம் கலைந்ததும் வந்து, மகளை எந்த இடத்தில் ஏற்றிக்கொள்வீர்கள் என்று மட்டும் கேட்டார். பழைய இடம்தான் என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிக்கொண்டன. ரமணிக்கு அதில் கோபம். "இத்தினி வருசமா ஏத்திக்கிட்டுப் போனவங்கள இப்பிடி விட்டுட்டுப் போறாங்களே அக்கா," என்று பொருமினாள். முரியல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு தாய்மாரும் பயந்தது அவளுக்குப் புரிந்தது. அலீசியா சின்னப் பிள்ளையாக இருந்து, வேறொருத்தி அப்படி எழுந்து நின்று சொல்லியிருந்தால், தானும் வேறு வேன்தான் பார்த்திருப்பாள் என்று நினைத்தாள். அதை ரமணியிடம் சொன்னாள். ரமணிக்கு அது பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மருந்தைப் போட்டுக்கொண்டு, இரண்டு துண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு, முரியல் வேனில் ஏறினாள். இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள், அழகேசனின் கால்கள் நீளம். மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கிளம்பினாள்.